புத்தகத்தை மூடிய பிறகு

பொதுத்தேர்வு நெருங்கும்போது ஒரே பாடத்தை ஐந்தாறு முறை படிக்கும் மாணவர்கள் நம் பள்ளிகளில் ஏராளம். அத்தனை முறை படித்தும் தேர்வறையில் ஒன்றும் நினைவுக்கு வராமல் திகைத்தவர், ‘எனக்குப் படிப்பு வராது’ என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார். அந்த எண்ணமே அடுத்த பாடத்தைத் தொடவிடாமல் அவரைத் தடுக்கிறது. ஆர்வமில்லாதவர் என்று நாம் கருதும் பலர், உழைத்தும் பலன் காணாததால் ஆர்வத்தை இழந்தவர்கள் என்றே நான் நினைக்கிறேன். ஆகவே, அவர்களுக்கு அறிவுரை கூறும் முன் அவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று கேட்க வேண்டும்.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களுக்குச் சூரியனையும் கடல் நீர்நாயையும் பற்றிய சிறு பகுதிகளைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு குழுவினர் நான்கு சுற்றுகளிலும் தமக்குரிய பகுதியையே திரும்பத் திரும்பப் படித்தனர். சராசரியாக 14 முறை. மற்றொரு குழுவினர் முதல் சுற்றில் மூன்று நான்கு முறை மட்டும் படித்துவிட்டு, மீதி மூன்று சுற்றுகளிலும் தாளைப் பாராமல் நினைவில் இருந்ததை எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்தவர்களே முந்தினர்: அவர்களுக்குப் பகுதியில் நினைவிருந்தது 83 விழுக்காடு, எழுதியவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்தோ நிலைமை தலைகீழானது. படித்தவர்களுக்கு 40, எழுதியவர்களுக்கு 61. இதில் மேலும் கவனிக்க வேண்டியது, ஒரு வாரத்திற்குப் பின்னும் தமக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியவர்கள் திரும்பத் திரும்பப் படித்தவர்களே என்பதுதான்.

அந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது? மூன்றாம் முறை படிக்கும்போது வரிகள் தடையின்றி ஓடுகின்றன. அந்தப் பழக்கத்தை மனம் அறிவு என்று எடுத்துக்கொள்கிறது. ஆனால், கண்ணெதிரே இருப்பதை அடையாளம் காண்பது வேறு, எதிரே இல்லாததை நினைவிலிருந்து எடுப்பது வேறு. தேர்வு கேட்பது இரண்டாவதை. ஒன்றை முயன்று நினைவுகூரும் ஒவ்வொரு முறையும் அதை அடையும் வழி மேலும் பலப்படுகிறது, எது வரவில்லை என்பதும் அப்போதே தெரிந்துவிடுகிறது. வராததைப் புத்தகத்தைத் திறந்து உடனே சரிபார்ப்பது அவசியம். இல்லாவிட்டால் தவறான விடையே மனத்தில் தங்கிவிடக்கூடும்.

இது நமக்கு முற்றிலும் புதிதன்று. திண்ணைப் பள்ளிகளில் பாடத்தை ஒப்புவிப்பது அன்றாட வழக்கமாக இருந்தது. சொல் பிசகாமல் ஒப்புவிப்பதோடு அது நின்றுவிடலாகாது. ஒளிச்சேர்க்கையைத் தம் சொற்களில் விளக்கவும் படம் வரைந்து பாகங்களைக் குறிக்கவும் மாணவரால் முடிய வேண்டும்.

ஒப்புவித்தலோடு அடியும் அச்சமும் சேர்ந்திருந்ததைத்தான் நாம் விட்டொழிக்க வேண்டும். அமெரிக்காவில், புத்தகத்தைப் பாராமல் நினைவுகூரும் முறையை வகுப்பில் பின்பற்றிய நடுநிலை, உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் சுமார் 1,400 பேரிடம் கேட்டபோது, 72 விழுக்காட்டினர் தேர்வு பற்றிய பதற்றம் குறைந்ததாகக் கூறினர். வகுப்பின் முதல் ஐந்து நிமிடத்தில், நேற்றைய பாடத்திலிருந்து இரண்டு கேள்விகளையும் சென்ற வாரப் பாடத்திலிருந்து ஒன்றையும் ஆசிரியர் கேட்கலாம். மாணவர்கள் விடையை எழுதித் தாமே திருத்திக்கொள்ளலாம். அதற்கு மதிப்பெண் எதுவும் வேண்டியதில்லை.