காய்ச்சல் விட்ட பிறகும் 10 நாள் மருந்து எதற்கு?

தொண்டை வலி என்று குழந்தையை அழைத்து வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, இருமலும் மூக்கொழுகலும் இருக்கின்றனவா என்பதைத்தான். அவை இருந்து குரலும் கம்மியிருந்தால், பெரும்பாலும் அது வைரஸ் தொற்று. ஆன்டிபயாட்டிக் இல்லாமலே ஆறிவிடும். அவ்வாறின்றி, திடீரெனக் காய்ச்சல் கண்டு, எச்சில் விழுங்கவே குழந்தை முகம் சுளித்து, தாடைக்குக் கீழே நெறிகட்டித் தொட்டால் வலித்தால், ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவைச் சந்தேகிப்பேன். 5 முதல் 15 வயது வரையுள்ளவர்களிடமே இத்தொற்று மிகுதி. சில பிள்ளைகள் தொண்டையைப் பற்றிச் சொல்லாமல் வயிற்று வலி, வாந்தி என்றே வருவதும் உண்டு.

ஆயினும் டான்சிலில் வெள்ளைப் படலம் தெரிவதை மட்டும் வைத்து மருந்து எழுதுவது சரியன்று. சில வைரஸ்களும் அதே படலத்தை உண்டாக்கும். ஸ்வாப் எடுத்தே உறுதி செய்ய வேண்டும். பஞ்சுக் குச்சியை நாக்கில் படாமல் செலுத்தி, இரு டான்சில்களையும் தொண்டையின் பின்சுவரையும் தேய்த்தெடுக்கும்போது குழந்தை ஓங்கரிக்கும், கண் கலங்கும். சில நொடிகளில் முடிந்துவிடும். விரைவுப் பரிசோதனை சில நிமிடங்களில் விடை தரும். அதில் கிருமி இல்லையென்று வந்தால், குழந்தைகளுக்குக் கல்ச்சரும், அதாவது தேய்த்தெடுத்ததை ஆய்வகத்தில் வைத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனையும், செய்து பார்ப்பது நல்லது. பலர் இரத்தத்தில் ஏ.எஸ்.ஓ. (இந்தப் பாக்டீரியாவை எதிர்த்து உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்) அளவைப் பார்த்துவிட்டுப் பதறி வருகிறார்கள். அது முன்பு வந்துபோன தொற்றின் சுவடே தவிர, இன்றைய வலிக்குக் காரணம் சொல்லாது.

தொற்று உறுதியானால் பெனிசிலின் அல்லது அமாக்சிசிலின், 10 நாள். பெனிசிலின் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு வேறு மருந்துகள் உள்ளன. இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் விட்டு, குழந்தை ஓடியாடத் தொடங்கியதும், பாதி மருந்து மீதமிருக்கும் பாட்டிலை மூடி வைத்துவிடுகிறார்கள்; என்னை மிகவும் வருத்துவது இதுதான். வலி போனாலும் கிருமி தொண்டையில் தங்கியிருக்கக்கூடும். அதை எதிர்த்து எழும் உடலின் நோயெதிர்ப்பாற்றல், இரண்டு மூன்று வாரங்கள் கழித்துத் தன் மூட்டுகளையும் இதயத்தையுமே தாக்குவதுதான் ருமாட்டிக் காய்ச்சல். அதில் பழுதுபடும் இதய வால்வு ஆயுள் முழுவதும் தொல்லை தரலாம். தொண்டை வலி தொடங்கி 9 நாட்களுக்குள் மருந்தைத் தொடங்கினாலும் இதைத் தடுக்க முடியும் என்பதால், கல்ச்சர் முடிவுக்காக ஓரிரு நாள் காத்திருக்க அஞ்ச வேண்டியதில்லை.

வலிக்கும் காய்ச்சலுக்கும் பாராசிட்டமால் போதும், ஆஸ்பிரின் கூடாது. மருந்து தொடங்கி 24 மணி நேரமாகிக் காய்ச்சலும் விட்டிருந்தால் பள்ளிக்கு அனுப்பலாம். ஆனால் எச்சில் விழுங்க இயலாமல் வடிந்தாலோ, வாயைத் திறக்க முடியாமல் போனாலோ, மூச்சுத் திணறினாலோ, இரவானாலும் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.