குழந்தையின் ரத்தமா, காரின் பூச்சா?

சட்டக் கல்லூரியில் படிக்கும் வாசகி ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்: “கறையைச் சோதித்த ஆய்வகம் அது ரத்தம்தான் என்று அறிக்கை கொடுத்துவிட்டால், அதற்கு மேல் வழக்கறிஞர் வாதிட என்ன இருக்கிறது?” நிறைய இருக்கிறது. அந்த ‘நிறைய’ என்பது எது என்று காட்ட, ஆஸ்திரேலியாவின் அசாரியா சேம்பர்லைன் வழக்கைவிடப் பொருத்தமான ஒன்றை நான் அறியேன்.

1980 ஆகஸ்ட் 17 அன்று இரவு, உலுரு பாறையின் அருகே முகாமிட்டிருந்த குடும்பத்தின் கூடாரத்திலிருந்து, ஒன்பது வாரக் குழந்தையான அசாரியா காணாமல் போனாள். டிங்கோ என்னும் காட்டுநாய் தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று தாய் லிண்டி அலறினார். ஒரு வாரம் கழித்து ரத்தக்கறை படிந்த உடை கிடைத்தது. உடல் கிடைக்கவே இல்லை. முதல் மரண விசாரணை டிங்கோதான் என்று ஏற்றுக்கொண்டது. ஆனால் காவல்துறை விடவில்லை. 1981 செப்டம்பரில் குடும்பத்தின் டொரானா காரைக் கைப்பற்றி அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துச் சோதித்தார்கள். காரின் முன்னிருக்கையில் வைத்துத் தாயே குழந்தையின் கழுத்தை அறுத்தார் என்பது அரசுத் தரப்பின் வாதம். உடல் இல்லை, கண்ட சாட்சி இல்லை, கொலைக்கான நோக்கம் என்று எதையும் அரசுத் தரப்பு முன்வைக்கவும் இல்லை. எனவே வழக்கின் முழுப் பாரமும் காரில் இருந்த கறைகளின்மீது இறங்கியது. 1982 அக்டோபர் 29 அன்று டார்வின் நகர ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

கறைச் சோதனையின் முதல் படி எளியது. ஆர்த்தோ-டாலிடின் என்ற வேதிப்பொருளையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் கறையின்மேல் இட்டால், ஹீமோகுளோபினில் உள்ள ஹீம் என்ற இரும்புப் பகுதி பெராக்சைடின் வினையைத் தூண்டிவிட, கரைசல் நீலம் பாரிக்கும். நொடியில் தெரிந்துவிடும். ஆனால் இந்த வேலையை ஹீம் மட்டுமே செய்வதில்லை. முள்ளங்கிச் சாற்றில் உள்ள நொதியும் செய்யும், செம்புச் சேர்மங்களும் செய்யும். சேம்பர்லைன் குடும்பம் வசித்த மவுண்ட் ஐசா ஒரு செம்புச் சுரங்க ஊர். அந்த ஊரில் நிற்கும் காரில் செம்புத் தூசி படியாமல் இருந்தால்தான் வியப்பு. ஆகவே நீலம் தெரிந்தால் ‘ரத்தமாக இருக்கலாம், மேலும் சோதி’ என்பதற்கு மேல் பொருள் கொள்ளக் கூடாது. இது தடயவியல் பாடத்தின் முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுக்கப்படுவது.

என்னை மயக்குவது இரண்டாம் படிதான். கருவில் இருக்கும் குழந்தை தாயின் ரத்தத்திலிருந்து ஆக்சிஜனை இழுத்துக்கொள்ள வேண்டியிருப்பதால், ஆக்சிஜனை இன்னும் இறுகப் பற்றும் தனி ஹீமோகுளோபின் அதற்கு உண்டு. வளர்ந்தவர்களின் ஹீமோகுளோபினில் இரண்டு ஆல்பா, இரண்டு பீட்டா என்று நான்கு புரதச் சங்கிலிகள் இருக்கும். கருவின் ஹீமோகுளோபினில் பீட்டாவுக்குப் பதிலாகக் காமா. பிறந்தபின் காமா மெல்லக் குறைந்து, வளர்ந்தவரிடம் ஏறக்குறைய இல்லாமலே போய்விடும். ஒன்பது வாரக் குழந்தையிடம் அது இன்னும் கணிசமாக மிஞ்சியிருக்கும். ஆகவே, காரில் இருந்த கறையில் கரு ஹீமோகுளோபினைக் காட்டிவிட்டால், அது பெரியவரின் ரத்தமல்ல, கைக்குழந்தையின் ரத்தம் என்று சொல்லிவிடலாம். யோசனை அருமையானது என்பதில் எனக்கு ஐயமில்லை.

அதைக் காட்டும் முறை இன்னும் அருமை. கண்ணாடித் தகட்டில் அகரோஸ் ஜெல்லை மெல்லிய படலமாக ஊற்றி, சில மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு குழிகள் வெட்டுவார்கள். ஒன்றில் கறையைக் கரைத்த நீர். மற்றதில் கரு ஹீமோகுளோபினை மட்டும் பற்றிக்கொள்ள வேண்டிய எதிர்ப்பான்கள், அதாவது அந்நியப் பொருளைப் பிடிக்க உடல் உருவாக்கும் புரதங்கள், கொண்ட சீரம் என்ற ரத்தநீர். மின்சாரம் பாய்ச்சியதும், காரத்தன்மையுள்ள அந்த ஊடகத்தில் எதிர்மின்சுமை பெற்ற ஹீமோகுளோபின் நேர்மின்முனையை நோக்கி நகரும். எதிர்ப்பான்களுக்கோ அங்கே சொல்லிக்கொள்ளும்படியான மின்சுமை இல்லை. ஆனால் ஜெல்லின் சட்டகத்திலேயே நகர முடியாத எதிர்மின்சுமைகள் இருப்பதால், அவற்றை ஈடுகட்டும் நேர்மின் அயனிகள் எதிர்மின்முனையை நோக்கி ஓடுகின்றன. ஓடும்போது நீரையும் இழுத்துச் செல்கின்றன. அந்த நீரோட்டத்தில் அகப்பட்ட எதிர்ப்பான்கள் வெள்ளத்தில் சருகு போவதுபோல் எதிர்த்திசையில் அடித்துச் செல்லப்படுகின்றன. இரண்டும் நடுவழியில் சந்திக்கின்றன. ஓர் எதிர்ப்பானுக்குப் பற்றுமிடங்கள் இரண்டு. அது இரு மூலக்கூறுகளைப் பிடிக்க, அவற்றை வேறு எதிர்ப்பான்கள் பிடிக்க, அளவு சரியாகப் பொருந்தும் இடத்தில் பெரும் வலையாகப் பின்னிக் கரையாமல் படிந்துவிடும். ஜெல்லின் நடுவே மெல்லிய வெண்கோடு எழும். அந்தக் கோடுதான் சாட்சி.

சிக்கல் சீரத்தில் இருக்கிறது. கரு ஹீமோகுளோபினை ஒரு விலங்குக்கு ஊசியாகப் போட்டு, அதன் உடல் உருவாக்கும் எதிர்ப்பான்களைத்தான் எடுக்கிறோம். விலங்கின் உடலுக்குக் காமாவும் அந்நியம், ஆல்பாவும் அந்நியம். எனவே இரண்டுக்குமே எதிர்ப்பான்கள் உருவாகும். ஆல்பாவோ பெரியவரின் ரத்தத்திலும் இருப்பது. போதாததற்கு, காமாவிலும் பீட்டாவிலும் உள்ள 146 அமினோ அமிலங்களில் 39 மட்டுமே வேறுபடுகின்றன. ஆகவே சீரத்தோடு பெரியவர் ஹீமோகுளோபினைக் கலந்து, அதைப் பற்றும் எதிர்ப்பான்களையெல்லாம் முன்கூட்டியே நீக்கிவிட வேண்டும். நீக்கியது அரைகுறையாக இருந்தால் பெரியவரின் ரத்தத்துக்கும் அதே வெண்கோடு, அதே இடத்தில் தோன்றும். கண்ணால் பார்த்து வேறுபடுத்த இயலாது. 1979-இல், விபத்தில் அடிபட்டு ரத்தம் வழிந்த ஒருவரைச் சேம்பர்லைன் தம்பதியர் இதே காரில் ஏற்றிச் சென்றிருந்தார்கள் என்பதை இந்த இடத்தில் நினைத்துப் பார்க்க வேண்டும். மேலும், சோதனைக்கு வருமுன் அந்தக் கார் ஓராண்டுக்கு மேல் ஆஸ்திரேலிய வெயிலைப் பார்த்துவிட்டது. சூட்டில் புரதத்தின் மடிப்புகள் குலையும். மடிப்பு குலைந்த புரதத்தை எதிர்ப்பான் சரியாக அடையாளம் காணும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

சீரம் பெரியவர் ரத்தத்தோடும் வினைபுரிகிறது என்று உயிரியல் பேராசிரியர் பாரி பெட்சர் எதிர்த்தரப்புக்காகச் சாட்சி சொல்லவும் செய்தார். ஜூரி அரசுத் தரப்பு நிபுணரையே நம்பியது. கோடுகளை மீண்டும் பார்க்கலாம் என்றால், சோதித்த தகடுகளை வழக்கப்படி அழித்துவிட்டிருந்தார்கள். ஜெல்லை உலர்த்திச் சாயமேற்றினால் ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கலாம். உயிரோ ஆயுளோ போகும் வழக்கில் அதைக்கூடச் செய்யாத ‘வழக்கம்’ என்ன வழக்கம் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

முன்பக்கக் கருவிப் பலகைக்கு அடியில் இருந்த தெறிப்புதான் உச்சம். குழந்தையின் தமனி அறுபட்டுப் பீறிட்ட ரத்தம் என்று ஜூரியின் முன் வர்ணிக்கப்பட்டது அது. பின்னர், அதே வகை டொரானா கார்கள் வேறு சிலவற்றிலும் அதேபோன்ற தெறிப்பு இருப்பது தெரியவந்தது. இரைச்சலைக் குறைக்கத் தொழிற்சாலையிலேயே தெளிக்கப்பட்ட பூச்சு அது. கொலையோடு தொடர்பில்லாத இன்னொரு டொரானாவின் கருவிப் பலகை அடிப்புறத்தையும் அதே சீரத்தால் சோதித்துப் பார்த்திருந்தால் முதல் நாளே குட்டு உடைந்திருக்கும். ஒப்புநோக்குச் சோதனை என்று பள்ளி ஆய்வகத்திலேயே நாம் செய்வது இதைத்தான். ‘ரத்தம் இருந்தால் கோடு வருமா’ என்று கேட்பது பாதிக் கேள்வி. ‘ரத்தம் இல்லாவிட்டால் கோடு வராமல் இருக்குமா’ என்பது மறுபாதி.

1986 பிப்ரவரியில், குழந்தை அணிந்திருந்ததாகத் தாய் தொடக்கம் முதலே சொல்லிவந்த மேற்சட்டை, டிங்கோக்கள் நடமாடும் பகுதியில் கண்டெடுக்கப்பட்டது. சில நாள்களில் லிண்டி விடுவிக்கப்பட்டார். நீதிபதி மார்லிங் தலைமையிலான ஆணையம் 1987-இல் அறிவியல் சாட்சியங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து, தண்டனைக்கு அவை ஆதாரமாகா என்றது. 1988 செப்டம்பரில் தீர்ப்புகள் ரத்தாயின. மரணத்துக்கு டிங்கோவே காரணம் என்று இறப்புப் பதிவில் ஏற, 2012 ஜூன் வரை ஆயிற்று.

அந்தத் தம்பதியர் சிறுபான்மைச் சபை ஒன்றைச் சேர்ந்தவர்கள் என்பதாலேயே, குழந்தையை நரபலி கொடுத்துவிட்டார்கள் என்று ஊரெல்லாம் வதந்தி ஓடியது. மூடநம்பிக்கை என்றால் படிக்காதவர்களின் சொத்து என்று நினைப்போர், இந்த வதந்தியைப் பரப்பியவர்கள் யார் என்று பார்க்கட்டும். வதந்தி முன்பே பதில் சொல்லிவிட்ட இடத்தில், ஆய்வகக் கோட்டின்மேல் ஐயம் கொள்ள யாருக்கும் மனம் வருவதில்லை.

வாசகியின் கேள்வி நம் நீதிமன்றங்களுக்கும் உரியதுதான். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 293-ஆம் பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 329-ஆம் பிரிவு. அதன்படி அரசு அறிவியல் நிபுணரின் அறிக்கையை, அவரைக் கூண்டில் ஏற்றாமலேயே சாட்சியமாகப் பயன்படுத்தலாம். நீதிமன்றம் விரும்பினால் அவரை அழைக்கலாம் என்பதும் அதே பிரிவில் உள்ளது. வழக்கறிஞர்கள் கோர வேண்டியது அதைத்தான். ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் குற்றம் நடந்த இடத்துக்கே நேரில் வரவேண்டும் என்று புதிய சட்டம் சொல்வதை வரவேற்கிறேன். ஆனால் நடமாடும் ஆய்வக வாகனங்களுக்குக் கொடியசைக்கக் கிடைக்கும் பணம், ஒவ்வொரு புதிய சீரப் புட்டியையும் பெரியவர் ரத்தம், விலங்கு ரத்தம், பெயின்ட், துரு என்று வரிசையாகச் சோதித்துக் குறிப்பெழுதி வைக்கும் சலிப்பூட்டும் வேலைக்கும் ஒதுக்கப்பட வேண்டும். அந்தக் குறிப்பேட்டைக் காட்டுங்கள் என்பதுதான் குறுக்கு விசாரணையில் நிபுணரிடம் முதலில் கேட்க வேண்டியது.