எழுதுங்கள், ஆனால் பேனாவை மூடி வையுங்கள்

சென்ற வாரம் என் பணிமேசைக்கு வந்த ஒரு புத்தகத்தில், ஒரே பக்கத்தில் இரண்டு தலைமுறையினர் எழுதியிருந்தார்கள். தாத்தா நீல மை ஊற்றிய பேனாவால் ஓரத்தில் பொடி எழுத்தில் குறித்தவை ஒருபுறம். தேர்வுக்குப் படித்த பேத்தி அவற்றின் மேலேயே இழுத்திருந்த மஞ்சள் ஹைலைட்டர் கோடுகள் மறுபுறம். ஹைலைட்டரில் இருப்பது பெரும்பாலும் நீரில் கரைத்த சாயம் என்பதால், அது பட்ட இடமெல்லாம் பழைய மை கரைந்து, எழுத்துகளின் வால்கள் கோடு போன திசையிலேயே இழுபட்டு, பச்சைத் தீற்றலாகக் கிடந்தன. மஞ்சளை மட்டும் எடுத்துத் தர முடியுமா என்று அந்தப் பெண் கேட்டார். முடியாது, மஞ்சளைக் கரைக்கும் அதே நீர் தாத்தாவின் கையெழுத்தையும் கரைத்துவிடும். இதே பதிலை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன் என்பதால், இம்முறை எழுதியே வைத்துவிடுகிறேன்.

நூல்களைச் செப்பனிடுவது என் தொழில் என்று தெரிந்தவுடன், புத்தகத்தில் பேனாவோ பென்சிலோ படவே கூடாது என்று கண்டிப்பேன் எனப் பலர் எதிர்பார்க்கிறார்கள். சொந்தப் புத்தகம் என்றால் தாராளமாக எழுதுங்கள் என்பதே என் கருத்து. கணித மேதை ஃபெர்மா, ஏறத்தாழ 1637இல், தம்மிடமிருந்த, பண்டைய கிரேக்கக் கணிதர் டயஃபாண்டஸின் நூலின் ஓரத்தில் ஒரு தேற்றத்தைக் குறித்து, அதன் நிரூபணத்தை எழுத இந்த ஓரம் போதாது என்றும் சேர்த்துவைத்தார். அவர் கைப்பட எழுதிய அந்தப் பிரதி இன்று கிடைக்கவில்லை. அவருடைய மகன் 1670இல் அக்குறிப்புகளையும் சேர்த்து நூலை அச்சிட்டதால்தான் செய்தி பிழைத்தது. கணிதர் ஆண்ட்ரூ வைல்ஸின் நிரூபணம் 1995இல் வெளியாகும் வரை கணித உலகம் அந்தச் சில வரிகளோடு மல்லுக்கட்டியது. பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்று கோப்பர்நிக்கஸ் 1543இல் வெளியிட்ட நூலை அக்காலத்தில் எவருமே படிக்கவில்லை என்றொரு பேச்சு இருந்தது. வானியல் வரலாற்றாசிரியர் ஓவன் கிங்கரிச் அதன் முதலிரு பதிப்புகளின் ஏறத்தாழ 600 பிரதிகளைத் தேடிச் சென்று பார்த்தபோது, ஓரங்களில் நெருக்கமாக எழுதப்பட்டிருந்த குறிப்புகளே அந்தப் பேச்சுக்குப் பதில் சொல்லின.

எனக்கு எரிச்சலூட்டுவது வேறொன்று. “பென்சில் அழிந்துவிடும், பேனாதான் நிலைக்கும்” என்று படித்தவர்களே சொல்கிறார்கள். உண்மை நேர்மாறானது. பென்சில் முனையில் இருப்பது களிமண்ணோடு சேர்த்த கிராஃபைட், அதாவது கார்பன். வெளிச்சம் பட்டாலும் அது வெளிறுவதில்லை, ஈரம் பட்டாலும் கரைவதில்லை, காகிதத்தோடு வேதிவினை புரிவதுமில்லை. அதற்கு எதிரி உராய்வு மட்டுமே. மூடிவைத்த புத்தகத்தில் உராய்வு எவ்வளவு இருந்துவிடப் போகிறது? பேனா மைகளில் பல சாயங்களே. சாயம் வெளிச்சத்தில் வெளிறும். அலமாரியில் கசிந்த மழைநீர் ஊற்றுப்பேனாக் குறிப்பை ஒரே இரவில் நீலக் கறையாக்கியதையும், அதே பக்கத்தில் பென்சிலால் எழுதிய வரி எழுத்துக் குலையாமல் நின்றதையும் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பால்பாயிண்ட் மையோ எண்ணெய்ப் பசை. நாளாக ஆக அந்த எண்ணெய் தாளில் பரவி, எழுத்தைச் சுற்றி மங்கலான வளையம் கட்டி, மறுபக்கத்து அச்சிலும் நிழலாக எட்டிப்பார்க்கும். நிறமித் துகள்களால் ஆன, வெளிறாத மைகளும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மெல்லிய தாளில் அவையும் பின்பக்கம் ஊடுருவக்கூடும், தவறாக எழுதியதைத் திரும்பப் பெறவும் வழியில்லை. அரிய நூல்களைக் காக்கும் ஆவணக்காப்பகங்களின் வாசிப்பறைகளில் பேனாவை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டு பென்சிலை மட்டும் ஏன் அனுமதிக்கிறார்கள் என்று ஒருமுறையாவது யோசித்துப் பாருங்கள். என் மேசையிலும் பேனாவுக்கு இடமில்லை. செப்பனிட்ட விவரத்தை நான் நூலில் குறிப்பதும் பென்சிலால்தான்.

அதிலும் எச்பி அல்லது பி போதும். எச் வகைப் பென்சில்கள் கடினமானவை. தாளில் பள்ளம் பறிக்கும். பக்கவாட்டில் விளக்கைச் சாய்த்துப் பிடித்தால், மேல்தாளில் அழுத்தி எழுதி அழித்த சொற்களை அடித்தாளில் என்னால் படித்துவிட முடியும், அந்தரங்கமாக எழுதியவர்கள் கவனிக்க. வழவழப்பான கலைத்தாளில் பென்சில் பிடிக்காது. அங்கே தனித்தாளில் பக்க எண்ணோடு எழுதி உள்ளே வையுங்கள்.

ஹைலைட்டர் வேண்டாம். அதன் ஒளிரும் சாயம் வெளிச்சத்தில் விரைவாக வெளிறிவிடும் என்பதால், நீங்கள் விரும்பிய பயனும் நீடிப்பதில்லை. ஒட்டுச்சீட்டு பாதுகாப்பானது என்று நம்பி நூலெங்கும் மயிலிறகு போல ஒட்டிவருகிறார்கள். எடுத்த பிறகும் பசை தங்கும், தங்கிய பசையில் தூசி படியும், பழைய தாளாக இருந்தால் சீட்டோடு அச்செழுத்தும் உரிந்து வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை மரக்கூழில் செய்த தாள்களில் பெரும்பாலானவை அமிலத்தால் நொறுங்கும் தன்மை கொண்டவை. அவற்றின் மூலையை மடித்தால், மடித்த துண்டு ஒருநாள் உங்கள் கையோடு வந்துவிடும். நூலகப் புத்தகத்தில் எழுதுகிறவர்களிடம் எனக்கு விவாதிக்க ஒன்றுமில்லை. அது உங்களுடையது அல்ல, பென்சிலாலும் எழுதாதீர்கள்.

உங்களுக்கு முன் யாரோ எழுதிவைத்த நூல் கைக்கு வந்திருந்தால், தயவுசெய்து அதைச் “சுத்தம்” செய்ய முயலாதீர்கள். ரப்பரால் தேய்த்துத் தாளின் மேற்பரப்பைக் கிளப்பிய பிறகும், கிழிசலுக்கு ஒட்டுநாடா ஒட்டிய பிறகும், வெள்ளைத் திரவம் பூசிய பிறகும் கொண்டுவருவதைவிட, ஒன்றும் செய்யாமல் கொண்டுவருவது எங்களுக்கு எவ்வளவோ மேல்.

அந்தத் தாத்தாவின் நூலில் நான் தாளைத் தொடவில்லை. பக்கங்களைப் படமெடுத்து, படத்தின் சிவப்பு அலைவரிசையை மட்டும் பிரித்துக் கறுப்புவெள்ளையாக அச்சிட்டேன். சிவப்பொளியில் மஞ்சள் தாளோடு தாளாக மறைந்துவிடும், நீலம் கறுத்துத் தெரியும். பதினொரு குறிப்புகளில் ஏழு தெளிவாக வந்தன. கோட்டின் ஈரத்தில் இழுபட்டுப்போன நான்கில், ஒன்றின் முதல் சொல்லும் கடைசி இரண்டு எண்களும் மட்டுமே தேறின.