சிறுநீரக நோயாளிக்குக் குடற்கட்டி அகற்றும்போது

நீண்டகாலச் சிறுநீரக நோயுள்ள ஒருவருக்கு ஹீமோகுளோபின் குறைந்தால், குருதிச் செல்கள் உருவாகத் தூண்டும் சிறுநீரக ஹோர்மோனான எரித்ரோபொயட்டின் போதாமையே காரணம் என்று நோயாளியும் குடும்பத்தாரும், சில வேளைகளில் வைத்தியர்களாகிய நாமும், அத்துடன் நின்றுவிடுகிறோம். பெரும்பாலும் அது சரிதான். ஆயினும் இரும்புச்சத்தும் சேர்ந்து குறையும்போது, குடலில் குருதி கசிகிறதா என்று பாராமல் எரித்ரோபொயட்டின் ஊசியின் அளவை மட்டும் கூட்டுவது முறையன்று. கொழும்பில் எம்மிடம் வருவோருள் பெருங்குடற் கட்டி இவ்வாறு தெரியவந்தவர்களும் உளர்.

கட்டி குடற்சுவரின் மேற்படைகளைத் தாண்டாதிருந்தால், வயிற்றைத் திறக்காமல், மலவாய் வழியாகக் கமரா பொருத்திய குழாயைச் செலுத்தும் கொலனொஸ்கோபி மூலமே அகற்றிவிடலாம். சிறியவற்றைக் கம்பிக் கண்ணியால் வெட்டியெடுக்கிறோம். சுமார் 2 சென்ரிமீற்றருக்கு மேற்பட்டதை ஒரே துண்டாக எடுக்க வேண்டுமாயின், அடியில் திரவம் செலுத்தி உயர்த்தி, நுண்கத்தியால் உரித்தெடுக்கும் ஜப்பானிய முறை உதவும். சிறுநீரக நோய் இதற்குத் தடையன்று. ஆனால் எனக்குக் கூடுதல் கவலை தருவன, அதற்கு முந்திய நாளும் பிந்திய இரு வாரங்களுமே.

முந்திய நாள் குடலைச் சுத்தம் செய்ய அருந்தும் பேதி மருந்துகளுள் சோடியம் பொஸ்பேற் கலந்தவை சிறுநீரகத்தில் உப்பாகப் படிந்து அதனை நிரந்தரமாகவே கெடுக்கக்கூடும்; அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2008 இல் இதைப் பற்றிக் கடுமையாக எச்சரித்தது. மக்னீசியம் கலந்தவையும் உடலில் தேங்கும். எனவே பாமசியில் கிடைப்பதை வாங்கிக் குடிக்காது, பொலிஎத்திலீன் கிளைக்கோல் தூளையே பயன்படுத்த வேண்டும். நாளுக்கு ஒரு லீற்றருக்குள் நீரை அளந்து குடிப்பவர், இக்கரைசலை 2 முதல் 4 லீற்றர் வரை அருந்தச் சொன்னதும் அஞ்சுவது இயல்பே; அதில் பெரும்பகுதி உடலில் உறிஞ்சப்படாமல் வெளியேறிவிடும். தெளிந்த பானம் அருந்தலாம் என்றதும் செவ்விளநீர் வெட்டிக் கொடுக்கும் அன்பான குடும்பங்கள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நிறைய உண்டு. அதிலுள்ள பொற்றாசியம் இந்நோயாளியின் இதயத்துடிப்பையே குழப்பக்கூடும். பிளேன்ரீ போதும்.

அடுத்தது குருதிப்பெருக்கு. கழிவுகள் தேங்கிய உடலில், குருதி உறைய உதவும் சிறுதட்டுகள் எண்ணிக்கையில் குறையாவிட்டாலும் சரிவர ஒட்டுவதில்லை. டயலிசிஸின்போது செலுத்தப்படும் ஹெப்பாரினும் உறைதலைத் தடுக்கும். ஆகவே கட்டி அகற்றுதலை டயலிசிஸுக்கு மறுநாள் வைத்து, அடுத்த டயலிசிஸை இயன்றவரை ஹெப்பாரின் இன்றிச் செய்வதே நல்லது. டயலிசிஸ் ஓரிடத்திலும் கொலனொஸ்கோபி வேறோரிடத்திலும் நடப்பது கொழும்பில் வழக்கமாதலால், எமது கடிதம் போய்ச் சேரும் என்று நம்பியிராமல் நோயாளியே அங்குள்ள தாதியிடம் சொல்லிவிடுவது பாதுகாப்பானது. குருதி உறைவதைத் தடுக்க இதய நோயாளர் உட்கொள்ளும் அஸ்பிரின், குளோபிடோகிரெல் போன்றவற்றைத் தாமாக நிறுத்தலாகாது. எதை, எப்போது நிறுத்துவது என்பதை இதய வைத்தியருடன் பேசியே தீர்மானிக்கிறோம். பிஸ்டுலா (டயலிசிஸுக்காக நாடியையும் நாளத்தையும் இணைத்த இடம்) உள்ள கையில் ஊசி ஏற்ற இடமளிக்க வேண்டாம்.

வெட்டிய இடத்தில் இரு வாரங்கள் வரையிலும் குருதி கசியலாம். மலம் சிவந்தோ, தார் போலக் கறுத்தோ போனால், அல்லது தலைசுற்றினால், அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திராமல் உடனே வைத்தியசாலைக்கு வர வேண்டும். இரும்பு மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும் என்பதால் ஐயமிருந்தால் கேட்பதே மேல். உடல்நோவுக்கு டைக்ளோபெனாக் வேண்டாம். அது குருதிக்கசிவையும் கூட்டும், எஞ்சியிருக்கும் சிறுநீரகத் தொழிற்பாட்டையும் குறைக்கும்.