அபிவிருத்தியும் ஆக்கமும்

திருகோணமலை மாவட்டத்தின் கிராமங்களில் கண்ணில் படும் பெயர்ப்பலகைகளில் கிராம அபிவிருத்திச் சங்கம் என்றோ மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் என்றோ எழுதியிருக்கக் காணலாம். தமிழ்நாட்டு அலுவலகங்கள் வளர்ச்சி, மேம்பாடு என்று எழுதுமிடத்தில் இலங்கையின் அரச தமிழ் அபிவிருத்தி என்றே எழுதுகிறது.

இது வடசொல். தமிழில் விருத்தி என்று ஒன்றாகவே எழுதப்படுபவை உண்மையில் இரண்டு வேறு வடசொற்கள். ஒன்று பெருகுதலைக் குறிப்பது. மற்றது பிழைப்பை, சீவனத்தைக் குறிப்பது. தொண்டு செய்வோரின் சீவனத்துக்காக விடப்பட்ட நிலத்தை விருத்தி என்றது இரண்டாவது சொல்லால். ‘அபி’ என்ற முன்னொட்டோடு சேர்ந்து அபிவிருத்தி ஆனதோ முதலாவது சொல். ஆகவே அதில் பெருக்கம் இருக்கிறது, பிழைப்பு இல்லை. 1949 ஜனவரி 20 அன்று அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன் தமது பதவியேற்பு உரையில் ‘அபிவிருத்தி குன்றிய பகுதிகள்’ என்ற கருத்தை முன்வைத்த பின், பெருக்கத்தை அளவுகோலாகக் கொண்டு நாடுகளை வரிசைப்படுத்தும் வழக்கு உலகெங்கும் பரவியது.

அபிவிருத்திக்குத் தமிழில் ஆக்கம் என்பதே பொருத்தமான சொல் என்பது என் கருத்து. பெருகு என்பதிலிருந்து பெருக்கம் பிறந்ததுபோல ஆகு என்பதிலிருந்து பிறந்தது இது. பத்திரிகைகள் ‘ஆக்கங்களை அனுப்புக’ என்று கேட்பதால் எழுத்துப்படைப்பு என்ற பொருளே இன்று முந்திவரும் என்பது உண்மைதான்; ஆனால் இடம் நோக்கிப் பொருள் கொள்வது தமிழருக்குப் புதிதன்று. அபிவிருத்திக்கு மறுபக்கம் ‘குன்றிய’ நிலை மட்டுமே. ஆக்கத்துக்கு மறுபக்கம் கேடு. ‘ஆக்கம் கருதி முதலிழக்கும் செய்வினை ஊக்கார் அறிவுடை யார்’ என்ற குறளில் (463) அச்சொல்லோடு முதல் என்ற இன்னொரு சொல்லும் வந்து நிற்கிறது: வரப்போகும் பயனை எண்ணிக் கையிலுள்ள முதலை இழக்கும் செயலை அறிவுடையோர் மேற்கொள்ளமாட்டார்கள்.

ஓர் ஊரின் முதல் எது என்பதை அறிந்து வைத்திருப்பதே மரபறிவு. பாரம்பரிய அறிவு என்பதைவிடச் சுருக்கமான, தொல்காப்பியம் மரபியல் என்று ஓர் இயலுக்கே பெயரிட்ட சொல்லைக் கொண்ட பெயர் இது. கந்தளாய்க் குளத்தோடும் கோணேசர் கோயிலோடும் இணைத்துப் பேசப்படும் குளக்கோட்டன் என்ற மன்னனின் பெயரைக் குளமும் கோட்டமும் எனப் பிரித்துப் பொருள் சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம். நீர் காப்பதும் கோயில் எடுப்பதும் ஒரே பெயருக்குள் அடங்கியிருக்கின்றன.

இலங்கையின் மழை குறைந்த பகுதியான உலர்வலயத்தின் பழைய சிறுகுளங்களைப் பாருங்கள். நீர் வந்து சேரும் மேற்புறத்தில் ஒரு மரக்கூட்டத்தை வெட்டாமல் விட்டிருப்பார்கள். அது காற்றைத் தடுத்து, நீர் ஆவியாவதைக் குறைக்கும். குளக்கட்டுக்குக் கீழே, வயலுக்கு முன்பாக, மருதும் தாழையும் வளரும் ஓர் ஈரநிலம் இருக்கும். கசியும் நீரிலுள்ள உப்பு வயலை எட்டாமல் அது உறிஞ்சிக்கொள்ளும். ஒன்றன்கீழ் ஒன்றாக இப்படி அமைந்த தொடர்குளக் கிராம முறைமையை ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனம் 2017 இல் உலக விவசாய மரபுரிமைகளுள் ஒன்றாக ஏற்றது.

மூதூர்ப் பக்கத்தில் ஒரு குளக்கட்டின் கீழே நின்றபோது, வயல்காரப் பெரியவர் ஒருவர் வரம்போரத்து மண்ணைக் கிள்ளி என் உள்ளங்கையில் வைத்தார். காய்ந்த மண்ணின் மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. “கட்டை உயர்த்திச்சினம், தண்ணி கூடினதுதான். கீழ இருந்த மருதுகளத் தறிச்சு அதையும் வயலாக்கினம். இப்ப உவர் ஏறி முதலுக்கே மோசம், தம்பி,” என்றார். குறளில் உள்ள அதே முதல்தான்.

கிராம அபிவிருத்தியை ஊராக்கம் என்றும், அபிவிருத்தித் திட்டத்தை ஆக்கத் திட்டம் என்றும் எழுதலாம். ஆக்கம் என்று எழுதும்போதே முதல் எது, அது யாருடையது என்ற கேள்வி திட்ட அறிக்கையின் முதற்பக்கத்திலேயே எழும்.