குண்டைவிடக் கம்பிக்குத்தான் இழுவை அதிகம்

படகு நிற்கும்போது தூண்டிலை ஆழத்தில் இறக்குவது பெரிய காரியமில்லை. ஓடும்போதுதான் வம்பு. வள்ளம் நகர நகர தூண்டில் நரம்பு பின்னால் படுத்துவிடும், இரை மேலே வந்துவிடும். உவரி, கூத்தங்குழி, இடிந்தகரைக் கடலில் நெய்மீனோ பாறை மீனோ பதினைந்து பாகத்துக்குக் (ஒரு பாகம் ஏறத்தாழ ஆறடி) கீழே நிற்கிற நாளில், மேலாக இழுபடும் இரையால் பயனில்லை. தூண்டில் நரம்பிலேயே ஒரு கிலோ ஈயத்தைக் கட்டலாம்தான். அப்புறம் மீனோடு ஈயத்தையும் சேர்த்து இழுக்க வேண்டும். மீன் தலையை உதறும்போது அந்த ஈயமே முள்ளை ஆட்டிக் கழற்றியும் விடும்.

இதற்கு வந்த வழிதான் டவுன்ரிக்கர். படகோரத்தில் ஒரு சுருள் உருளை, வெளியே நீட்டிய ஒரு கை, அதன் நுனிக் கப்பியில் ஓடும் தனிக் கம்பி, கம்பியின் அடியில் நாலைந்து கிலோ ஈயக்குண்டு. குண்டுக்குச் சற்று மேலே ஒரு கவ்வி இருக்கும். தூண்டில் நரம்பை அதில் மாட்டிக் கீழே இறக்குவார்கள். மீன் இழுத்ததும் கவ்வி விட்டுவிடும், பிறகு மீனுக்கும் குண்டுக்கும் சம்பந்தமில்லை. 1966-இல் அமெரிக்காவின் மிச்சிகன் ஏரிக்கு வந்துசேரும் ஓடைகளில் கோஹோ சால்மன் குஞ்சுகளை விட்டார்கள். கோடையில் அந்த மீன் குளிர்ந்த நீரைத் தேடி ஆழத்துக்குப் போய்விடும். அதைத் துரத்திப் போனவர்களிடம்தான் இந்தக் கருவி பரவலானது. நம் தெற்குக் கரையில் இதை அதிகம் பார்க்க முடியாது. ஆனால் இதன் கணக்கு எந்தக் கடலுக்கும் ஒன்றுதான்.

குண்டு நேரே கீழே தொங்காமல் பின்னால் போகிறதே, ஏன்? குண்டு போதவில்லை என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். வேகம் மணிக்கு 5.5 கிலோமீட்டர். குண்டு 5 கிலோ ஈயம். கம்பி 0.9 மில்லிமீட்டர் தடிமன், தண்ணீருக்குள் 30 மீட்டர். குண்டின் மேல் தண்ணீர் காட்டும் எதிர்ப்பு ஏறத்தாழ 400 கிராம் எடைக்குச் சமம். கம்பியின் மேல் காட்டும் எதிர்ப்போ மூன்றரைக் கிலோவைத் தாண்டும். ஒன்பது மடங்கு! கம்பி மெலிசுதான், ஆனால் 30 மீட்டர் நீளத்துக்குத் தண்ணீர் அதன்மேல் மோதுகிறது. நீளத்தையும் தடிமனையும் பெருக்கினால் குண்டின் முகப்பைப் போல நாலு மடங்கு பரப்பு வருகிறது. போதாததற்கு உருண்டையைத் தண்ணீர் வழுக்கிக்கொண்டு தாண்டுவதுபோல் கம்பியைத் தாண்டுவதில்லை.

ஆகவே கம்பி எடுக்கும்போது பலத்துக்கு முன்னால் பார்க்க வேண்டியது தடிமனை. தடிமன் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் கம்பியின் இழுவையும் அதே அளவு குறையும். வேகம் இன்னும் கறார்: எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 5.5-ஐ 3.7 ஆக்கினால் இழுவை பாதிக்கும் கீழே போய்விடும். மேலே சொன்ன கம்பியை 30 மீட்டர் விட்டால் குண்டு 27 மீட்டர் ஆழத்தில் நிற்கும். 60 விட்டால் 45-ஐ ஒட்டித்தான். உருளையில் உள்ள எண்காட்டி விட்ட நீளத்தைச் சொல்லும், ஆழத்தைச் சொல்லாது. ஜிபிஎஸ் காட்டும் வேகமும் தரையைப் பொறுத்தது, தண்ணீரைப் பொறுத்தது அல்ல. நீவாட்டை, அதாவது கடல் நீரோட்டத்தை, எதிர்த்துப் போகும்போது, ஜிபிஎஸ்ஸில் அதே எண் இருந்தாலும் கம்பி அதிகமாகப் படுக்கும். கம்பியின் சாய்வைக் கண்ணால் பார்ப்பதே நம்பகமானது.

இன்னொரு விஷயமும் இந்தக் கணக்கிலேயே வந்துவிடுகிறது. குண்டின் உருவத்துக்கு அத்தனை முக்கியத்துவம் இல்லை என்றால் ஈயம்தான் வேண்டும் என்பதும் இல்லை. 5 கிலோ ஈயம் தண்ணீருக்குள் நாலரைக் கிலோ எடை காட்டும், இரும்பு 4.3 கிலோ. வித்தியாசம் அவ்வளவுதான். பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் துண்டே போதும், ஈய நஞ்சும் கடலுக்குப் போகாது. கருங்கல்லும் சிமெண்டும் சரிப்படாது. 5 கிலோ கல் தண்ணீருக்குள் 3 கிலோவாகிவிடும்.

ஆனி, ஆடியில் பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் காற்று அடிக்கும்போது கரண்ட் கம்பி 'ங்ங்' என்று முனகுவதைக் கேட்டிருப்பீர்கள். கடலுக்குள் இந்தக் கம்பியும் அப்படியே முனகும். கம்பியைத் தாண்டும் நீர் அதன் பின்பக்கம் இடமும் வலமுமாக மாறி மாறிச் சுழல்களை உதிர்க்கிறது. ஒவ்வொரு சுழலும் கம்பியை ஒரு பக்கமாக இழுக்கிறது. செக் நாட்டு இயற்பியலாளர் ஸ்ட்ரௌஹால் 1878-இல் காற்றில் பாடும் கம்பிகளை ஆராய்ந்து இதற்கு ஒரு கணக்குச் சொன்னார்: வேகத்தைத் தடிமனால் வகுத்து ஐந்தில் ஒரு பங்கு எடுத்தால் நொடிக்கு எத்தனை அதிர்வு என்று வரும். நம் கம்பிக்கு 340. இந்த முனகல் மீனை விரட்டுமா, வரவழைக்குமா என்று தூண்டில்காரர்கள் ஓயாமல் வழக்காடுவார்கள். உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று: அதிரும் கம்பி தண்ணீருக்குத் தன்னைவிடத் தடிமனாகத் தெரியும், இழுவை இன்னும் கூடும்.

சரி, எதை வாங்குவது? ஏழிழைத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிதான் பழைய வழக்கம். 150 பவுண்டு, அதாவது 68 கிலோ தாங்கும். பாறையில் உரசினாலும் சட்டென்று அறாது. கம்பி கனமாக இருப்பதால் தானே இறங்கும் என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம், 30 மீட்டர் கம்பி நூறு கிராமைச் சற்றுத்தான் தாண்டும். அதன் சனியன் முறுக்கு. ஒரு தடவை மடிந்து முறுக்கேறினால் அந்த இடம் போச்சு. தங்கூசி, அதாவது நைலான், இந்த வேலைக்கு ஆகாது. அதே பலத்துக்கு மிகத் தடிமன், ரப்பர் போல நீளும், தண்ணீரில் ஊறிப் பலமும் குறையும். இப்போது பலரும் போவது பாலிஎத்திலீன் பின்னல் கயிற்றுக்கு. தண்ணீரைவிட லேசு, நீளாது, துருவும் இல்லை. அதே பலத்துக்கு எஃகைவிட மெலிதாகக் கிடைக்கும். ஆனால் பாரின், அதாவது கடலடிப் பாறைத்திட்டின், கூர்மைக்கும் சிப்பி விளிம்புக்கும் சட்டென்று வெட்டுப்படும். கல்லும் பாரும் உள்ள இடத்தில் நான் எஃகையே எடுப்பேன், மணல் தரையில் பின்னலை.

பின்னல் மிகவும் வழவழப்பு. உருளையில் நேரடியாகச் சுற்றினால் மொத்தச் சுருளும் உருளைமேல் வழுக்கிச் சுழலும். அடியில் பத்துச் சுற்று நைலான் சுற்றி அதில் கட்ட வேண்டும். இழுத்துப் பிடித்து இறுக்கமாகவும் சுற்ற வேண்டும், இல்லையென்றால் பாரம் வரும்போது மேல் சுற்று அடிச் சுற்றுக்குள் புதைந்து சிக்கும். எஃகின் நுனிக்கு முடிச்சு கூடாது. உலோகக் காடி (கம்பி தேயாமல் கண்ணிக்குள் வைக்கும் பள்ளமுள்ள வளையம்) வைத்துக் கண்ணியாக வளைத்து, இரட்டைத் துளைக் குழலில் நுழைத்து அமுக்க வேண்டும். அலுமினியக் குழலை எடுக்காதீர்கள். உப்புத் தண்ணீரில் எஃகோடு சேர்ந்தால் அது பேட்டரியின் நலிந்த முனையாகி வெள்ளைப் பொடியாக உதிரும்.

குண்டுக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு முழம் நைலானைக் கட்டாயம் போடுங்கள், 40 கிலோவில் அறுகிற மாதிரி. ஒரு டன் படகு இந்த வேகத்தில் போகும்போது குண்டு பாரில் மாட்டினால், 68 கிலோ இழுவையில் அதை நிறுத்தக் கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் நீட்சி வேண்டும். எஃகு அவ்வளவு நீளாது. உருளையின் பிரேக்கைக் குண்டு தொங்கும் அளவுக்குச் சற்றே மேலே வைத்தால் முதலில் அது வழுகிக் கம்பியை விடும். அதுவும் போதாதபோது நைலான் அறும். குண்டு ஒன்று போகும், கம்பியும் நீட்டிய கையும் தப்பும்.

கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, ஒரு துண்டுப் பஞ்சைக் கம்பியில் சுற்றி உருவுங்கள். பஞ்சு சிக்கும் இடத்தில் ஓரிழை அறுந்திருக்கும். அங்கிருந்து ஒரு சாண் மேலே வெட்டி, கண்ணியைப் புதிதாகப் போட வேண்டும்.