விரல் நுனியில் ஒட்டிய பச்சை

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி அறைச் சுவரில், புறக்கோட்டையில் வாங்கிய பச்சைத் துணியைக் கட்டி, தங்கையின் மகள் பரதம் ஆடுவதைப் படம்பிடித்தேன். அவள் அரைமண்டியில் நிற்கும்வரை எல்லாம் சரி. கையை வீசியதும் விரல்களைச் சுற்றிப் பச்சைப் புகை. கீயிங்கில், அதாவது மென்பொருளில் பச்சையை நீக்கி வேறு பின்னணி வைக்கும் வேலையில், அதை அழிக்கப் போனால் விரலும் சேர்ந்து போகிறது.

நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50 (ஒவ்வொரு பிரேமுக்கும் கமரா ஒளியை வாங்கும் நேரம் 1/50 நொடி) என்று வைத்திருந்தேன். நொடிக்கு 2 மீற்றர் வேகத்தில் போகும் கை அந்த 1/50 நொடிக்குள் 4 சென்ரிமீற்றர் நகர்ந்துவிடும், ஆகவே விளிம்பில் இருக்கும் ஒரு பிக்சல் கொஞ்ச நேரம் தோலையும் கொஞ்ச நேரம் பின்னாலிருக்கும் துணியையும் பார்க்கிறது, கமரா இரண்டையும் கூட்டி ஒரே நிறமாக எழுதி வைக்கிறது. அந்தப் பச்சை அழுக்கு இல்லை, கலவை. கீயிங் செய்யும் மென்பொருளான கீயர் செய்யவேண்டியது, அந்தக் கலவையில் கை எத்தனை பங்கு என்று கண்டுபிடித்து, பச்சையின் பங்கை மட்டும் கழித்து, அந்த அளவுக்குப் புதுப் பின்னணியைச் சேர்ப்பது. முழுப் பச்சை எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் இந்தக் கணக்கு சரிவரும். துணியில் ஒரு மூலை இருட்டு, ஒரு மூலை வெளிச்சம் என்றால் பங்கு பிழைத்துவிடும். அதனால் மற்ற எதையும் விட, துணிக்குச் சீரான வெளிச்சம் கொடுங்கள். இன்னொன்று, பல கமராக்கள் 4:2:0 முறையில் நான்கு பிக்சலுக்கு ஒரு நிறத் தகவலைத்தான் சேமிக்கின்றன. விளிம்பின் நிறம் அதில் துல்லியமாக இராது. 4:2:2 (இரண்டு பிக்சலுக்கு ஒரு நிறத் தகவல்) இருந்தால் அதில் எடுங்கள்.

ஷட்டரை 1/100 ஆக்கினால் மங்கல் பாதியாகும். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், சாதாரண மின்குமிழ்கள் நொடிக்கு 100 தடவை கூடிக் குறையும், ஆகவே 1/100 ஒரு முழுத் துடிப்பைப் பிடித்துவிடும். 1/125 வைத்தால் மலிவான எல்ஈடியில் கோடுகள் ஓடலாம். வெளிச்சமும் பாதியாகும் என்பதால் ஆடுபவர் மேல் இரட்டிப்பு லைட் வேண்டும், ஐஎஸ்ஓவை (கமராவின் ஒளி உணர்திறனை) ஏற்றிச் சமாளித்தால் புள்ளிகள் வந்து விளிம்பைக் கெடுக்கும். ஷட்டர் வேகத்தை 1/100க்கும் மேலே ஏற்ற எனக்கு விருப்பமில்லை: விரல் தெளிவாக விழும், ஆட்டம் வெட்டி வெட்டித் தெரியும். பிறகு மென்பொருளில் மங்கல் சேர்க்கலாம் என்றாலும், கைகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்தில் அது அசைவைத் தவறாக ஊகிக்கிறது.

இரண்டாம் முறை 1/100இல் எடுத்தேன். துணியின் பச்சை தோலில் தெறிக்காமலிருக்க அவளை 2 மீற்றர் முன்னால் நிறுத்தி, இடம் போதாமல் கமராவை ஹோலுக்கே கொண்டுபோனேன். அலபத்மம் (மலர்ந்த தாமரை முத்திரை) பிடித்த கை சுழலும்போது விரல்களின் மங்கலுக்கு ஊடாக இப்போது நான் புதிதாக வைத்த பின்னணிக் கடல் தெரிகிறது.